கல்லுக்குச் சான்றிதழ் உண்டு, காலடி மண்ணுக்கு உறுதி இல்லை

பொகவந்தலாவையிலிருந்து வரும் செய்திகளில் ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. "சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு: சந்தேகநபர்கள் கைது" என்பதுதான் அது. திகதி மாறும், கைதானோரின் எண்ணிக்கை மாறும், தோட்டத்தின் பெயர் மாறும். மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும். இரகசியத் தகவல், சுற்றிவளைப்பு, மண்வெட்டி, அலவாங்கு, நீர் இறைக்கும் இயந்திரம், ஹட்டன் நீதவான் நீதிமன்றம், பிணை. அடுத்த வாரம் கெசல்கமு ஓயாவின் இன்னொரு வளைவில் இன்னொரு குழி.

இந்தச் செய்திகளை வாசிப்பவர்களுக்கு இரண்டு முடிவுகளில் ஒன்றுதான் மிஞ்சும். ஒன்று, தோட்டத்து இளைஞர்கள் பேராசையால் ஆற்றை அழிக்கிறார்கள். மற்றது, வயிற்றுப் பிழைப்புக்காகக் கிண்டும் ஏழைகளைப் பொலிஸார் வதைக்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், அந்தக் கல் ஏன் விலை போகிறது, அந்த விலை யாருடைய கையில் சேர்கிறது என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை. அதைத் தொட்டால் பேச்சு பொலிஸ் நிலையத்தை விட்டு வெளியே வரும். ஒரு பக்கம் காணிக் கச்சேரிக்கும் இன்னொரு பக்கம் பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கும் போக வேண்டிவரும்.

இல்லத்தின் மேல் இல்லமற்றோர்

மத்திய மலைநாட்டின் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. நீலக்கல், சிவப்புக்கல், சிர்க்கோன் எல்லாம் அந்த உலையில் உருவான பளிங்குகள். பாறைகள் காலப்போக்கில் உக்கிக் கரைந்தபோது, உக்காத இந்தக் கடினமான கற்களை ஆறுகள் அள்ளிச் சென்று பள்ளத்தாக்குகளில் சரளையாகப் படியவைத்தன. அந்தச் சரளைப் படையைக் கல் தோண்டுவோர் 'இல்லம்' என்கிறார்கள். இரத்தினபுரிச் சிங்களத் தொழிலாளரிடமிருந்து வந்த சொல் அது. தமிழில் அதே சொல்லுக்கு வீடு என்று பொருள். லயன் அறையில் வாழும் ஒருவர் தன் காலுக்கடியில் 'இல்லம்' இருப்பதை அறிந்தும் அதில் கைவைக்க முடியாதவராக இருப்பதுதான் இந்தப் பிரச்சினையின் சுருக்கம்.

இலங்கையில் மாணிக்கக்கல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபை அதை வழங்குகிறது. விண்ணப்பிப்பவர் காணியின் உரிமையையோ உரிமையாளரின் சம்மதத்தையோ காட்ட வேண்டும். தோண்டிய குழியை மூடுவதற்கான உத்தரவாதமாகப் பணம் வைப்புச் செய்ய வேண்டும். இரத்தினபுரியில் இரண்டு ஏக்கர் வயல் வைத்திருக்கும் விவசாயிக்கு இது நடக்கக்கூடிய காரியம். அவர் காணியைக் கொடுப்பார், ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் பம்பைக் கொண்டுவருவார், சிலர் குழிக்குள் இறங்குவார்கள். கல் கிடைத்தால் எல்லோருக்கும் பங்கு. அங்கே இந்தப் பங்கு முறை தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது.

தோட்டத்தில் இந்தக் கணக்கின் முதல் வரியே இல்லை. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கைமாறியது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, உழைப்பு மட்டும் தொழிலாளியுடையது. இரண்டு நூற்றாண்டு வாழ்ந்த மண்ணில் வீடு கட்ட 7 பேர்ச்சஸ் கேட்டுப் போராடும் சமூகம், எந்த உறுதிப்பத்திரத்தைக் காட்டி அகழ்வுக்கு விண்ணப்பிக்க முடியும்? அரச காணியில் அகழ்வு உரிமை ஏலத்துக்கு வந்தாலும் அதை எடுக்கும் வசதி வெளியூர் முதலாளிக்குத்தான் உண்டு. நாட்கூலிக்காரருக்கு அந்த ஏலம் எட்டாது.

நாட்கூலி எவ்வளவு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 1,550 ரூபா சம்பளமும் அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் சேர்ந்து 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. ஆக, சட்டப்படி தோண்ட வழியற்ற ஒருவருக்கு, சட்டத்தை மீறித் தோண்டினால் ஒரு மாதச் சம்பளம் ஒரே இரவில் கிடைக்கலாம் என்ற ஆசை கண்முன்னே ஓடும் ஆற்றில் இருக்கிறது. கைதுகள் குறையாததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

கல்லின் விலை எங்கே பிறக்கிறது?

இரவில் ஒருவர் கல்லை எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு என்ன? பொலிஸ் பயம் இருப்பதால் அவர் அதை வைத்திருக்க முடியாது. பத்துப் பேரிடம் காட்டி விலை கேட்கவும் முடியாது. முதலில் வரும் தரகர் சொல்லும் விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். ஆனால், சட்டப் பயம் மட்டும் அவரை ஏமாற்றுவதில்லை. தன் கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாதிருப்பதுதான் அதைவிடப் பெரிய நட்டம்.

நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் அடிப்படையில் ஒரே பொருள். அலுமினியமும் ஒட்சிசனும் ஒழுங்காக அடுக்கப்பட்ட கொரண்டம் என்னும் பளிங்கு. தமிழ்நாட்டில் பளிங்கைப் 'படிகம்' என்பார்கள். அணுக்கள் ஒரே ஒழுங்கில், ஓரிடத்திலும் அறுபடாமல், முழுக் கல்லிலும் தொடர்ந்தால் அது தனிப்பளிங்கு. வியப்பு என்னவென்றால், குறையே இல்லாத தூய கொரண்டத்துக்கு நிறம் கிடையாது. கண்ணாடித் துண்டைப் போல வெறுமையாக இருக்கும். சில அலுமினிய அணுக்களின் இடத்தில் குரோமியம் நுழைந்தால் அது சிவப்புக்கல். இரும்பும் தைத்தேனியமும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தால் அது நீலக்கல். இரும்பிலிருந்து தைத்தேனியத்துக்கு ஓர் இலத்திரன் தாவும்போது ஒளியின் சிவப்பும் மஞ்சளும் உறிஞ்சப்பட, மிஞ்சும் நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. நூற்றில் ஒரு பங்கையும்விடக் குறைவான இந்தக் கலப்பே அதற்குப் போதும்.

ஆக, நாம் அழகு என்று விலை கொடுப்பது அந்தப் பளிங்கின் ஒழுங்கில் விழுந்த ஒரு குறைக்குத்தான். எந்த அணு இடம் மாறியிருக்கிறது, எங்கே ஒரு வரிசை பிறழ்ந்திருக்கிறது, எந்த வேற்றுப்பொருள் ஊசியாக உள்ளே உறைந்திருக்கிறது என்பவைதான் கல்லின் விலையைத் தீர்மானிக்கின்றன. எடைக்கு அதில் இரண்டாம் இடமே. 2021 ஜூலையில் இரத்தினபுரியில் 510 கிலோகிராம் எடையுள்ள நட்சத்திர நீலக்கல் கொத்து ஒன்று வெளியுலகுக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 25 இலட்சம் கரட், 10 கோடி டொலர் வரை பெறுமதி என்று உலகமெங்கும் செய்தி போனது. அது எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் வெட்டி மினுக்கக்கூடிய தெளிந்த பகுதி எவ்வளவு என்பதுதான் வணிகர்களின் கேள்வி. மறுபக்கம், 1926இல் பெல்மதுளையில் எடுக்கப்பட்ட 392.52 கரட் நீலக்கல் 2014 நவம்பரில் ஜெனீவாவில் 1 கோடி 70 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. 80 கிராம் கூட இல்லாத கல் அது.

கெவுடா கற்பித்த பாடம்

இந்த அறிவு இல்லாததால் ஒரு நாடே எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கெவுடா என்பது பால் கலந்தது போல, புகை படிந்தது போல மங்கலாக இருக்கும் ஒரு வகைக் கொரண்டம். நீண்ட காலம் அதை யாரும் மதிக்கவில்லை. சல்லிக்கு விற்றார்கள், ஒதுக்கிப் போட்டார்கள்.

1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அந்தக் கல்லை மூட்டை மூட்டையாக வாங்கத் தொடங்கினார்கள். உள்ளூரில் பலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர்களுக்குத் தெரிந்திருந்ததும் நமக்குத் தெரியாதிருந்ததும் ஒரே விடயம்தான். கெவுடாவின் மங்கலுக்குக் காரணம் தைத்தேனியம். பளிங்கு பூமிக்கடியில் மெதுவாகக் குளிர்ந்தபோது, அதற்குள் இருந்த தைத்தேனியம் அணு வரிசையிலிருந்து வெளியேறி, ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஊசிகளாகப் பிரிந்து நின்றது. வணிகர்கள் அதைப் 'பட்டு' என்கிறார்கள். கல்லை 1,600 முதல் 1,800 பாகை செல்சியஸ் வரை, ஒட்சிசன் குறைந்த சூழலில் சூடாக்கினால் அந்த ஊசிகள் கரைந்து, தைத்தேனியம் மறுபடி பளிங்குக்குள் நுழைந்து இரும்பின் பக்கத்தில் போய் அமரும். மங்கல் மறையும். நீலம் பிறக்கும்.

இலங்கையர்களுக்குக் கல்லைச் சூடாக்கவே தெரியாது என்றில்லை. கரி நெருப்பில் ஊதுகுழல் வைத்து ஊதி, சிவப்புக்கல்லில் கலந்திருக்கும் நீலச் சாயலை நீக்கும் கைப்பழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஆனால், அந்தக் கைப்பழக்கத்துக்கும் கெவுடா கேட்ட வெப்பத்துக்கும் இடையில் பல நூறு பாகை தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க உலை வேண்டும். உலைக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் விஞ்ஞானமும் வேண்டும். இலங்கையர் அதைப் பிறகு கற்றுக்கொண்டார்கள். இன்று பேருவளையிலும் இரத்தினபுரியிலும் கல் சுடும் தேர்ந்த கைகள் இருக்கின்றன. ஆனால், கற்றுக்கொள்வதற்குள் கப்பலேறிப் போனவை திரும்பி வரவில்லை.

ஒரே தைத்தேனியம் எத்தனை வேடம் போடுகிறது என்பதையும் பாருங்கள். ஊசிகளாகத் திரண்டு ஒழுங்காக நின்றால் நட்சத்திரக்கல். மிக நுண்ணியதாகக் கலந்து நின்றால் ஒதுக்கிப் போடும் கெவுடா. கரைந்து இரும்போடு இணைந்தால் நீலக்கல். இரும்பு இல்லாமல், வேறோர் இலத்திரன் நிலையில், ஆய்வுகூடத்தில் வளர்த்த பளிங்குக்குள் வைத்தால் லேசர். அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் மோல்டன் 1982இல் இந்தத் தைத்தேனிய நீலக்கல் லேசரை இயக்கிக் காட்டினார். அதிவேக ஒளித்துடிப்பு ஆய்வுகள் பலவற்றின் முதுகெலும்பு இன்று அதுதான். குறையைப் படித்தவர்களுக்குக் குறை செல்வமானது. படிக்காதவர்களுக்கு அது வெறும் மங்கலான கல்.

வளர்த்த கல்லும் வளர்ந்த கல்லும்

இன்னொரு மாற்றமும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஓகுஸ்த் வெர்னோய் 1902இல் ஒரு முறையை அறிவித்தார். அலுமினியம் ஒட்சைட்டுத் தூளை ஐதரசன் தீச்சுவாலை வழியாக மெல்ல உதிரவிட்டார். 2,000 பாகைக்கு மேல் உருகிய துளிகள் கீழே ஒரு தண்டின் நுனியில் விழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து தனிப்பளிங்காக வளர்ந்தன. பூமி நீண்ட காலம் எடுத்துச் செய்ததைச் சில மணித்தியாலங்களில் செய்யலாம் என்றாயிற்று. இன்று மிகப் பெரிய நீலக்கல் பளிங்குகள் தொழிற்சாலைகளில் வளர்க்கப்படுகின்றன. கைக்கடிகாரக் கண்ணாடி, கைத்தொலைபேசிக் கமராவின் மூடி, எல்ஈடி விளக்குகளின் அடித்தட்டு எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

இரசாயன ரீதியில் அதுவும் நீலக்கல், பொகவந்தலாவைச் சேற்றில் கிடப்பதும் நீலக்கல். கடினமும் ஒன்று, பளபளப்பும் ஒன்று. பிறகு எப்படி வேறுபடுத்துவது? மறுபடியும் குறைகளை வைத்துத்தான். தீச்சுவாலையில் வளர்த்த கல்லுக்குள் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழிகளும் தெரியும். பூமியில் வளர்ந்த கல்லின் கோடுகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். அதற்குள் பட்டு ஊசிகள் இருக்கும், விரல் ரேகை போன்ற ஆறிய வெடிப்புகள் இருக்கும். சுட்ட கல்லில் அந்த ஊசிகள் கரைந்து புள்ளிகளாகச் சிதறியிருக்கும். சுடாத கல் சுட்ட கல்லைவிடப் பன்மடங்கு விலை போகும். எனவே ஒரு கல் இயற்கையானதா, சுட்டதா என்று சொல்லும் ஆய்வுகூடச் சான்றிதழ் கல்லைப் போலவே விலை மதிப்பானதாகிவிட்டது.

2002இல் உலக மாணிக்கக்கல் சந்தையே ஒருமுறை ஆட்டம் கண்டது. தாய்லாந்திலிருந்து அழகான செம்மஞ்சள் நீலக்கற்கள் வந்து குவிந்தன. பெரிலியம் என்னும் மிக இலேசான மூலகத்தை உயர் வெப்பத்தில் கல்லுக்குள் ஊடுருவச் செய்து அந்த நிறம் உண்டாக்கப்பட்டது பின்னர்தான் தெரியவந்தது. வழமையான கருவிகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. பத்து இலட்சத்தில் சில பங்கு பெரிலியத்தைத் தேடிப் பிடிக்க விலையுயர்ந்த கருவிகள் தேவைப்பட்டன. இலங்கையின் பெருமையான பத்மராகத்தின் மீதே சந்தேக நிழல் விழுந்தது. கல் கையில் இருந்தால் போதாது, அதைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அறிவும் கருவியும் இருப்பவர்தான் சந்தையை ஆள்கிறார் என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் காட்டியது.

குறைதான் கல்லின் அடையாள அட்டை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, கடதாசி ஒன்றுக்காகப் பல தசாப்தங்கள் அலைந்த சமூகத்துக்கு அடையாள அட்டையின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆற்றிலிருந்து எடுத்த கல்லுக்குச் சில நாட்களில் பாங்கொக்கிலோ சுவிட்சர்லாந்திலோ சான்றிதழ் கிடைத்துவிடும். அதை எடுத்தவரின் வீட்டுக்கு உறுதி கிடைக்கவில்லை.

எங்கள் கல், எவருடைய ஆய்வுகூடம்?

நமது கற்கள் உலக விஞ்ஞானத்துக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. கலை வரலாற்று அறிஞராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன்னர் ஒரு புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கை கனிய ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தவர். அவருடைய காலத்தில்தான், 1904இல், இரத்தினபுரிப் பக்கத்துச் சரளையிலிருந்து தோரியனைற்று என்ற புதிய கனியம் அடையாளம் காணப்பட்டது. ஒரு தமிழரின் மகன் நம் மலைகளின் கனியங்களைத் தேடி நடந்து நூற்றிருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

சிர்க்கோனின் கதை இன்னும் முக்கியமானது. இலங்கைச் சிர்க்கோன்களில் இயற்கையாகவே யுரேனியமும் தோரியமும் சிறு அளவில் கலந்திருக்கும். அவை கோடிக்கணக்கான ஆண்டுகள் கதிர்வீசிக் கதிர்வீசி, தாம் குடியிருக்கும் பளிங்கின் அணு அடுக்கையே உடைத்துவிடுகின்றன. சில கற்களில் பளிங்கு ஒழுங்கு முழுவதும் குலைந்து கண்ணாடிபோல் ஆகியிருக்கும். ஒரே வயது, வெவ்வேறு அளவு கதிர்வீச்சு, வெவ்வேறு அளவு சேதம். இயற்கை தானே நடத்திவைத்த பரிசோதனை போன்றது. 1955இல் ஹொலண்ட், கொட்ஃபிரிட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இலங்கைச் சிர்க்கோன்களை வைத்தே கதிர்வீச்சு பளிங்கை எப்படிச் சிதைக்கிறது என்று எழுதினார்கள். அணுக் கழிவைப் பல்லாயிரம் ஆண்டுகள் எந்தப் பொருளுக்குள் அடைத்து வைக்கலாம் என்று தேடுவோர் இன்றும் இலங்கைச் சிர்க்கோனை எடுத்துப் பார்க்கிறார்கள்.

பளிங்கு ஆய்வு தமிழருக்கு எட்டாத துறையும் அல்ல. நம் பாட்டன் பாட்டி புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. அதைக் கட்டியெழுப்பிய பேராசிரியர் பெ. ராமசாமியின் மாணவர் பரம்பரை தமிழ்நாட்டுக் கல்லூரிகளெங்கும் பரவியிருக்கிறது. சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005இல் வெளியிட்ட வளர்ப்பு முறை, இருவர் பெயராலேயே உலக ஆய்விதழ்களில் அழைக்கப்படுகிறது. ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் பளிங்கை வைத்து, கரைசலை மேலிருந்து ஊட்டி, வேண்டிய ஒரே திசையில் பளிங்கை வளர்த்தெடுப்பதுதான் அது. கோடிகள் கொட்டும் தொழிற்சாலை இல்லாமல், எளிய ஏற்பாட்டில் செய்யக்கூடிய வேலை. வளர்த்த பளிங்கின் முகத்தை மெல்லிய அமிலத்தால் அரித்து, உருப்பெருக்கியில் குழிகளை எண்ணி, உள்ளே எத்தனை அணு வரிசைகள் பிறழ்ந்திருக்கின்றன என்று கணக்கிடுவது அங்குள்ள முதுகலை மாணவர்களுக்குச் சாதாரணப் பாடம்.

நுவரெலியா மாவட்டத்தில் நிலைமை என்ன? பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. இருக்கும் இடங்களிலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருந்தால் இரசாயனவியலுக்கு இருக்க மாட்டார். பிள்ளை விஞ்ஞானம் படிக்க விரும்பினால் நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும், பஸ்ஸுக்குக் காசு இல்லாவிட்டால் கலைப் பிரிவு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் கனிய வளத் தொழில்நுட்பத்தில் பட்டம் தருகிறது. 1993ஆம் ஆண்டின் அதே சட்டம் இரத்தினக்கல் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமென ஒரு நிறுவனத்தையும் உருவாக்கியிருக்கிறது. கதவுகள் இருக்கின்றன. ஆனால், தோட்டத்திலிருந்து அந்தக் கதவு வரைக்கும் பாதை போடப்படவில்லை.

ஆற்றின் பக்க நியாயம்

இதையெல்லாம் சொல்வது ஆற்றைத் தோண்ட அனுமதிக்கச் சொல்வதற்கல்ல. கெசல்கமு ஓயா பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1965 முதல் அந்த நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. பிறகு நோர்ட்டன் வழியாக இறங்கி, மஸ்கெலியா ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரின் தலைப்பகுதி இது. கரையைக் குடைந்து கழுவிய சேறு முழுவதும் நீர்த்தேக்கத்தில்தான் படிகிறது. மூடாத குழிகளில் நீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது, பிள்ளைகளும் மாடுகளும் விழும் ஆபத்தும் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தில் என்ன செய்தது என்பதை நாம் மறக்கவில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சரிவுகளில் மண்சரிவே பெரிய எமனாக இருந்தது. அந்தச் சரிவுகள் எல்லாம் மாணிக்கக்கல் தோண்டியதால் விழுந்தவை அல்ல. அளவுமீறிய மழையே முதற்காரணம். ஆனால், ஏற்கெனவே நனைந்து தளர்ந்த சரிவின் அடிக்காலை வெட்டுவது எத்தகைய விளையாட்டு என்பதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படி வெட்டப்படும் சரிவின் மேலேயும் கீழேயும் இருப்பவை பெரும்பாலும் லயன்கள்தான். கல் போவது வெளியூருக்கு. மண் விழுவது நம் வீட்டின் மேல்.

சுற்றிவளைப்புகளில் அகப்படுபவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. குழிக்குள் நிற்பவர் அகப்படுகிறார். அவருக்கு முற்பணம் கொடுத்தவர், பம்பை வாடகைக்கு விட்டவர், கல்லை வாங்கிக் கொழும்புக்கோ பேருவளைக்கோ கொண்டுபோனவர் எல்லாம் செய்தியில் வருவதில்லை. குழிக்குள் இருப்பவரை மட்டும் பிடிக்கும் சட்டம், குழியை வெட்டச் செய்த பணத்தைத் தொடாமல் விட்டால், ஆறும் காப்பாற்றப்படாது, ஆளும் காப்பாற்றப்பட மாட்டார்.

செய்யக்கூடியவை

முதலாவது, எங்கே தோண்டவே கூடாது என்பது தெளிவாக வரையப்பட வேண்டும். ஆற்றுக்கரை, நீர்த்தேக்க ஓரம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த சரிவுகள் ஆகியவை முழுத் தடைக்குள் வர வேண்டும். அந்த வரைபடம் தமிழில் தோட்டம்தோறும் ஒட்டப்பட வேண்டும். எது தடை என்று அறிவிக்காமல் கைது மட்டும் செய்வது தீர்வாகாது.

இரண்டாவது, அந்த எல்லைக்கு வெளியே, பாதுகாப்பாக அகழக்கூடிய தோட்டக் காணிகளில் அத்தோட்ட மக்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை வேண்டும். அகழ்வு உரிமைக்குத் தனிநபர் காணி உறுதிதான் ஒரே சாவி என்றிருக்கும்வரை மலையகத் தமிழருக்கு அந்தப் பூட்டு திறக்காது. அங்கே தலைமுறைகளாகக் குடியிருப்பதையும் ஓர் உரிமைத் தகுதியாக ஏற்பதற்குச் சட்டத்தில் இடம் செய்ய வேண்டும். குழி மூடும் வைப்புப் பணத்தைக் கூட்டுறவு தவணையில் கட்ட அனுமதிக்கலாம். நம் சமூகத்தின் தொழிற்சங்கங்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு பங்கை இந்தச் சட்டத் திருத்தத்துக்குக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது, ஹட்டனில் ஒரு சிறிய கல் பரிசோதனை நிலையமும் பயிற்சி நிலையமும் வேண்டும். நல்ல உருப்பெருக்கி, ஒளிமுறிவு அளக்கும் கருவி, கற்றுத்தரத் தமிழ் பேசும் ஓர் ஆசிரியர். இவ்வளவிலிருந்தே தொடங்கலாம். கையிலிருப்பது கெவுடாவா, சுடாத நல்ல கல்லா என்று தெரிந்தவரைத் தரகரால் எளிதில் ஏமாற்ற முடியாது. கல் வெட்டுதல், மினுக்குதல், சுடுதல், தரம் பிரித்தல் எல்லாம் பெண்களும் செய்யக்கூடிய, ஆற்றைத் தொடாத தொழில்கள். கொழுந்துக் கூடையைத் தவிர வேறு வழியில்லாத பெண்பிள்ளைகளுக்கு அது ஒரு வாசலாகும்.

நான்காவது, இதற்கெல்லாம் அடியில் இருக்கவேண்டியது பாடசாலை. படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நூலில் ஒரு சிறு விதையைக் கட்டித் தொங்கவிட்டால் சில நாட்களில் எண்முகப் பளிங்கு வளரும். எந்தத் தோட்டப் பாடசாலையிலும் செய்யக்கூடிய பரிசோதனை இது. கரைசலை அவசரமாகக் குளிரவைத்தால் பளிங்கு மங்கிப்போகும், பொறுமையாக விட்டால் தெளிவாக வரும் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும். கெவுடாவை விளங்கிக்கொள்ளத் தேவையான முதற் பாடத்துக்கு ஒரு போத்தலும் நூலும் கொஞ்சம் படிகாரமும் போதும். அதற்கு அடுத்த பாடத்தைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். அவரைக் கொடுப்பது அரசின் கடமை.

தேயிலை விடயத்தில் நாம் ஒரு தவறைக் கண்டுவிட்டோம். கொழுந்து பறிப்பது நம் கையில் இருந்தது. கலப்பதும் பொதி செய்வதும் பெயரிடுவதும் விலை சொல்வதும் வேறு கைகளில் இருந்தன. 200 ஆண்டுகள் கழித்தும் நாட்கூலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மாணிக்கக்கல்லிலும் அதே கதையின் அடுத்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இம்முறை கொழுந்துக்குப் பதிலாகக் கல், பெரட்டுக்குப் பதிலாகப் பொலிஸ் கூண்டு.

பொகவந்தலாவையில் இன்றிரவும் யாரோ ஒருவர் ஆற்றில் இறங்குவார். அவர் பிடிபட்டால் செய்தியாவார், பிடிபடாவிட்டால் தரகரிடம் போவார். இரண்டிலும் தோற்பவர் அவர்தான், கூடவே ஆறும். அவருடைய பிள்ளையாவது அந்தக் கல்லை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே நிற்கும் ஊசியைப் பார்த்து, இது என்ன, இதன் விலை என்ன என்று சொல்லக்கூடியவளாக வளர வேண்டும். அதற்கான காணிச் சட்டமும் விஞ்ஞான ஆசிரியரும் வராமல் இன்னும் எத்தனை பேரைக் கைதுசெய்தாலும் இந்தச் செய்தி மாறப்போவதில்லை.